காலி இடம், சண்டை இங்கே

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. நன்றாக இருக்கிற பொருளைக் கையில் எடுத்து, இதில் என்ன கோளாறு என்று தேடுவதற்குத்தான் சம்பளம். பல வருடம் இதையே செய்கிற மனுஷன் டீக்கடைக் கிளாஸைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். நான் அப்படித்தான் குடிக்கிறேன். எனக்குப் பெண் அமையாததற்கும் இதுதான் காரணம் என்று கோவில்பட்டியிலிருந்து அம்மா போனில் சொல்வாள்.

லீவு நாளில் அறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடுவோம். ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். கதவைத் திறக்கிறேன் என்பான் ஒருவன், ஓடுகிறேன் என்பான் இன்னொருவன். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இந்த ஆட்டத்துக்காக நான் ஒரு கதை எழுதியிருந்தேன். ஏரிக்கரை ஊர் ஒன்றின் மேல் பூதப்படை வருகிற கதை. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டது. ஊரின் வரைபடம் மட்டும் வேண்டும், வரைகிற ஆளை நீயே பிடித்துக்கொள் என்றார்கள்.

பிடித்தேன். கோவையில் ஒரு பெண். இப்படிப்பட்ட ஆட்டப் புத்தகங்களுக்கு வரைபடம் போடுவதுதான் அவருக்குத் தொழில். கேட்ட மறுநாளே மாதிரி ஒன்று அனுப்பினார். அழகாக இருந்தது. அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு அழகு என்றதும் எனக்கு உறுத்தியது. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு வாய்க்கால் மேட்டை நோக்கி ஏறிப் போவதுபோலத் தெரிந்தது. மனுஷக் கை வரைந்ததா, கம்ப்யூட்டரே துப்பியதா? பென்சிலில் போட்டதைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க, நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க" என்றார். குரலில் சூடு இருந்தது. பிறகு அவரே இறங்கி வந்தார். "அது சும்மா மாதிரிங்க. உங்க ஊரு எப்படி இருக்கோணும்னு வாயில சொல்லாம, கையில நாலு கோடு போட்டு அனுப்புங்க. அதப் பாத்து வரையறேன்."

எனக்கு ஊரைக் கற்பனை செய்ய வராது. கண்ணால் பார்த்தால்தான் கை ஓடும். நான் குடியிருந்தது பென்னலூரில். அடுத்த வார லீவில் ஒரு சார்ட் பேப்பரை வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். கரை, மதகு, வேப்பமரம், கோயில், தெருக்கள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் அப்படியே இறக்கினேன். அறைக்கு வந்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் முழுக்கக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு எண்ணும் போட்டேன். யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று தெரிந்தால்தான் ஆட முடியும். மதகுக்குக் கீழே ஒரு நிலம் பொட்டலாகக் கிடந்தது. பூதங்களோடு சண்டை போட விசாலமான இடம் வேண்டுமே. அதன் குறுக்கே எழுதினேன்: காலி இடம், சண்டை இங்கே. எழுதி முடித்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கார அக்கா கரண்ட் மீட்டர் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுப் போகத் திரும்பியவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி இது?"

"சும்மா ஒரு படம்க்கா."

"எங்க ஏரி தானே இது?" விரலைக் கரையின் மேல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். மதகுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. "இன்னாத்துக்கு இத்தினி கட்டம் போட்டுக் கீது? நம்பர்லாம் போட்டுக் கீற?"

"வெளையாட்டுக்குக்கா. சத்தியமா சொல்லுதேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்படுவதில் நான் கைதேர்ந்தவன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் எல்லாம் கற்றுக்குட்டி. விறுவிறுவென்று மாடிப்படி இறங்கிப் போனார்.

அடுத்த நாள் காலையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பொட்டல் அக்காவின் நிலம். அவர்களுக்கு மிஞ்சியிருந்த நிலம் அது ஒன்றுதான். மகளுக்காக அதில் வீடு கட்டப்போகிறார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, அஸ்திவாரம் தோண்ட அன்றைக்குத்தான் மேஸ்திரி வருவதாக இருந்தது. வந்தவரை அக்கா திருப்பி அனுப்பிவிட்டார். நிலத்தை எவனோ எடுக்கப் போகிறான், கட்டம் கட்டி நம்பர் போட்டுப் படம் போட்டாகிவிட்டது, இனிமேல் அதில் கல் வைத்தால் இடிக்கத்தான் வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். இந்த வாரம் விட்டால் மேஸ்திரி மண்ணூரில் வேறு வேலையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். பிறகு எப்போது கிடைப்பாரோ.

இதை எல்லாம் எனக்குச் சொன்னவர் அக்காவின் வீட்டுக்காரர். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். சொன்ன தொனி நன்றாக இல்லை. "உண்மையச் சொல்லு. நீ செக்கிங் வேலன்னு சொல்லிக்கினு கீற. எவன் அனுப்சான் ஒன்னிய?"

என்ன சொன்னாலும் எடுபடவில்லை. பகடையைக் கொண்டுபோய்க் காட்டினேன். இருபது முகம் உள்ள பகடை. அதைப் பார்த்ததும், "ஓ, சூதாட்டம் வேறயா?" என்றார். எனக்கு எரிச்சல் பொங்கியது. கூடவே பயமும். என்னால் ஒரு வீடு நின்றுபோய்விட்டது.

கடைசியில் சார்ட்டைச் சுவரிலிருந்து கிழியாமல் எடுத்து, அவர்கள் வீட்டுக் கூடத்தில் விரித்தேன். "அக்கா, ஒரு தடவ ஆடிப் பாருங்க. அப்புறமும் நம்பலன்னா நானே ரூமக் காலி பண்ணிட்டுப் போயிருதேன்" என்றேன். வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து நின்றார். அக்கா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் கதை சொன்னேன். நீங்கள் இந்த ஊருக்குக் காவல்காரி. வடக்கேயிருந்து பூதங்கள் வருகின்றன. கையில் ஒரு தடி இருக்கிறது. என்ன செய்வீர்கள்? எங்கள் பையன்கள் என்றால் உடனே அடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அக்கா படத்தின் வடக்கு ஓரத்தில் விரலை வைத்தார்.

"பூதம் எதுக்கு வருது? இன்னா வேணுமாம்?"

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் எழுதவும் இல்லை. "நெலத்தப் புடிக்கக்கா" என்று சமாளித்தேன்.

"அதானே. இந்த எடம் காலின்னு அதுங்களுக்கு யார் சொன்னது?"

"அது... சண்ட போட எடம் வேணும்லா, அதுக்காக நான்தான் எழுதுனேன்."

"நீ போய்ப் பாத்தியா?"

"கரையிலேர்ந்து பாத்தேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே பேசினார். "எங்க மாமனார் நெலத்த கம்பெனிக்குன்னு கவர்மெண்டு எடுக்க வந்தப்பவும் இப்டித்தான். கரை மேல நின்னு பாத்துட்டுப் போய்ட்டானுங்க. பேப்பர்ல தரிசுன்னு போட்டுக் கீது. வேர்க்கடல போட்டு பூ வுட்டு நின்னுக்கினு இருந்துது தம்பி. குந்தி களை எடுத்தவ நானு. இப்போ அங்கதான் பஸ்ஸுங்க நிக்கிற ஷெட்டு."

அவர் கணவர் தினமும் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்துகிற ஷெட்டு அதுதான். கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு கீறலுக்காகப் பாகத்தைத் தூக்கி ஓரம் போடுகிற நான், ஒரு நிலத்தைக் கிட்டப்போய்ப் பார்க்காமல் காலி என்று எழுதியிருக்கிறேன்.

"அந்தப் பேனாவக் குடு" என்றார் அக்கா. காலி இடம் என்பதன் மேலேயே சிவப்பில் ஒரு வீடு வரைந்தார். ஒரு சதுரம், ஒரு கதவு, பக்கத்தில் கிணறு. "எழுது. யார் வூடுன்னு எழுது."

அக்கா வீடு என்று எழுதினேன்.

"இப்ப உருட்டு" என்றார். உருட்டினோம். அவர் பூதங்களை அடிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு பூதத்தையும் நிறுத்தி, யார் அனுப்பினது, பேப்பரைக் காட்டு என்று கேட்டார். முதல் தடவையாக அவர் கணவர் சிரித்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தடி கேட்டார்.

ஆட்டம் முடிந்ததும் கோவைக்கு அனுப்பச் சார்ட்டைப் படம் எடுக்கவேண்டும் என்றேன். அக்கா கையைவிட்டுத் தரவில்லை. தானே தூக்கிப் பிடித்தார். கட்டைவிரலும் படத்தில் விழுந்துவிட்டது.

"காலி எடம்னு எழுதியிருக்குதுங்களே, அது எங்கீங்க போச்சு? சண்டைய எங்க போடறதாம்?" என்று கோவைப் பெண் கேட்டார். வடக்கே பஸ் ஷெட்டு மாதிரி ஒரு பெரிய கொட்டகை போடுங்கள், அதற்குள் போடட்டும் என்றேன். இரண்டு நாளில் வரைபடம் வந்தது. கூடவே, நான் கேட்காமலே, பென்சில் கோடுகளின் படமும் கரி அப்பிய ஒரு கையின் படமும். அடியில் ஒரு வரி: நம்பாத ஆளுக்கு.

அந்த வாரமே மேஸ்திரி வந்து அஸ்திவாரம் தோண்டினார். புத்தகம் அச்சாகி வந்ததும் அக்காவிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, சார்ட்டைத் திரும்பக் கேட்டேன். உள்ளே கூட்டிப்போய் பீரோவைத் திறந்து காட்டினார். பட்டாவும் பத்திரமும் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் மடித்து வைத்திருந்தார்.

"நாளைக்கி எவனாச்சும் வந்து காலின்னு சொன்னா இத்தக் காட்டுவேன்."

"அக்கா, இது வெளையாட்டுப் பேப்பர். இதெல்லாம் செல்லாது."

"அவனுங்க காட்டுனது மட்டும் இன்னா தம்பி?" என்று சொல்லிவிட்டு பீரோவைப் பூட்டினார்.