ஆனந்தராசாவின் முதலாம் டிவிஷன்

ஆனந்தராசாவுக்குக் குணரத்தினத்தைக் கண்டாலே ஆகாது. இருவருக்கும் விரி என்ற புறநகரில் ஒரே கிடங்கில்தான் வேலை. குணரத்தினத்தின் மகன் ஓட்டக்காரன்; விளையாட்டு உதவித்தொகையோடு அமெரிக்காவில், விளையாட்டுத் தரவரிசையில் இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டான். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் ஆனந்தராசாவுக்கு இன்னும் தீரவில்லை.

அவருடைய மகள் லோஜனா கால்பந்தில் கோல் காப்பவள், கெட்டிக்காரி. சனிக்கிழமை ஆட்டங்களில் தண்ணீர்ப் போத்தலோடு அவளுடைய கோலுக்குப் பின்னால்தான் நிற்பார். இடைவேளைக்குப் பிறகு அவள் பக்கம் மாறினால் இவரும் மாறுவார்.

அவளை இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் கேட்டன. ஒன்று இரண்டாம் டிவிஷன்; படிப்புச் செலவில் பெரும்பங்கை ஏற்பதாகச் சொன்னது. மற்றது ஐஸ் ஹொக்கியில் முதலாம் டிவிஷன்; டிவியில் வரும்.

“டாட், வெயிட். சாக்கருக்கு வேற டிவிஷனா இருக்கலாம். ஐ வில் ஆஸ்க்.”

“ஒரு கல்லூரிக்குத் தலை முதலாம் டிவிஷனிலயும் வால் மூண்டாம் டிவிஷனிலயும் இருக்குமோ? விசர்க் கதை கதையாத.”

அத்தோடு விட்டாரா மனுஷன்? மகள் பரீட்சை எழுதப் போன நேரம் பார்த்து, இரண்டாம் டிவிஷன் பயிற்சியாளரை அழைத்து, அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கிடங்கில் குணரத்தினத்தின் முகத்துக்கு நேரே, “உங்கட பொடியன்ர தரம் எங்களுக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்,” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனையும்.

அந்த வாரமே மற்றக் கல்லூரிக்காரர் வீடியோவில் வந்து விளக்கினார். ஐஸ் ஹொக்கி மட்டும்தான் அங்கே முதலாம் டிவிஷன். கால்பந்து உட்பட மற்றதெல்லாம் மூன்றாவது. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்க விதியில் இடமே இல்லை. லோஜனா பதறி இரண்டாம் டிவிஷன் கல்லூரியை அழைத்தாள். அப்பா மறுத்துவிட்டாரே, இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது என்றார்கள்.

“உனக்காகத்தானே செய்தனான்.”

“நோ. குணரத்தினம் அங்கிளுக்காக.”

ஆனாலும் சனிக்கிழமை பாபடோயிட்டோய் மைதானத்தில் வெட்கமில்லாமல் அதே இடத்தில் போய் நின்றார். நடுவர் புதியவர். கோலுக்குப் பின்னால் வீட்டு ஆட்கள் மட்டும்தான் நிற்கலாம் என்று லோஜனாவிடம் சொல்லி, “இவர் உன் அப்பாவா?” என்றார்.

லோஜனா கையுறையை இறுக்கிக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நோ,” என்றாள்.

நடுவர் வெளியே போகும்படி கையைக் காட்டினார். ஆனந்தராசா போத்தலை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்.