அப்பா பேசணுமாம்

அம்மா போய் இரண்டு மாதம் ஆகியும் தெருவில் அவள் பேச்சு ஓயவில்லை. "பாவம், வாயில்லாப் பூச்சி" என்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான மகனுக்கு அது பிடிக்கவில்லை. அமைதியானவள் என்று ஒருத்தியைச் சொல்வது, அவள் பேசியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு மரியாதையான பெயராகவும் இருக்கலாம். ஆனால் மறுத்துச் சொல்ல அவனிடமும் ஒன்றும் இல்லை. அம்மா சொன்னது என்று எடுத்து வைத்துக்கொள்ள ஒரே ஒரு முழுப் பேச்சைத் தேடிப் பார்த்தான். அகப்படவில்லை. அந்தக் குறைதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி அவள் வந்தபோது அந்த வீட்டில் மாமியார் இல்லை. பள்ளிக்கூடம் போகும் கொழுந்தன்தான் இருந்தான். அவனுக்குத் தலை துவட்டிவிடுவதில் தொடங்கியது அவள் குடித்தனம். பிறகு இவனும் தங்கையும் பிறந்தார்கள். கணவர் பஸ் டிரைவர். அவருடையது விடியுமுன் கிளம்பும் வண்டி. எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள், பின்னால் படுத்தாள் என்று எழுதினால் அது எந்த அம்மாவுக்கும் பொருந்திவிடும். இவளுக்கென்று இருந்தது வேறு. வீட்டில் சண்டை முற்றினால் கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்துவிடுவாள். போர்வையின் ஒரு பக்கத்தை ஒருவரிடம் நீட்டுவாள், மறுபக்கத்தை மற்றவரிடம். மடிக்க மடிக்க இரண்டு பேரும் நெருங்கி, மூக்கு இடிக்கிற தூரத்தில் நிற்பார்கள். அதற்குமேல் என்னத்தைக் கத்துவது?

"எங்கண்ணன் வெறும் ஹாரன்டா. வண்டியை ஓட்டினது அண்ணி" என்பார் அந்தக் கொழுந்தன், இப்போது தலை நரைத்துவிட்ட சித்தப்பா. அப்பாவின் குரல் அப்படி. அவர் ரகசியம் பேசினால் தெருமுனைக் கடைக்காரர் பதில் சொல்வார்.

வேலைக்காக வேறு ஊர் போன பிறகு மகன் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போன் செய்வான். எடுப்பது அம்மாதான். "நீயா? இரு, அப்பா பேசணுமாம்." அவ்வளவுதான். அப்புறம் அப்பாவின் முழக்கம். சாப்பாடு எங்கே, தலையணை உயரமா இருக்கா, ரூம்ல கூட இருக்கறவன் குறட்டை விடறானா என்று கேள்விமேல் கேள்வி. அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசவிடமாட்டேன் என்கிறாரே என்று அவனுக்கு உள்ளூர ஒரு மனத்தாங்கல்கூட உண்டு.

இப்போது போனை எடுப்பது அப்பா. "சொல்லுடா" என்பார். "நீங்க சொல்லுங்கப்பா" என்பான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். துக்கத்தில் குரல் அடங்கிவிட்டது என்று நினைத்துத்தான் லீவு போட்டுக்கொண்டு வந்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்பா, போன்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறீங்க? முன்னெல்லாம் வக்கீல் மாதிரி குடைவீங்களே."

"நான் எங்கடா கேட்டேன்?" என்றார் அப்பா. "உங்கம்மா பக்கத்துல நின்னு வாயை மட்டும் அசைப்பா. நான் சத்தமா சொல்லுவேன். தலையணை உயரமெல்லாம் எனக்கு எப்படிடா தோணும்? ஸ்டியரிங் மேல சாஞ்சே தூங்கினவன் நான்."

சிரிக்கப்போனவன் பாதியில் நின்றான். அப்படியானால் இத்தனை வருஷமாக அவன் யாரோடு பேசிக்கொண்டிருந்தான்?

"அம்மாவே கேட்டிருக்கலாமே."

"அவகிட்ட சொல்லாம இருப்பேனா? 'நான் கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லி முடிச்சிடுவான். நீங்க அதட்டினாத்தான் உண்மை வரும்'னா." அப்பா வேட்டி நுனியை நீவிவிட்டுக்கொண்டார். "ஆனா எல்லாத்தையும் கேக்கலடா. பாதியை முழுங்கிட்டேன். கிறுக்குத்தனமா இருக்கும்."

மகன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டான். "எதையெல்லாம் விட்டீங்க? இப்ப கேளுங்க."

அப்பா கண்ணை மூடி யோசித்தார். "உனக்கு விரல்ல அடிபட்டப்போ, இடது கையால தலை சீவிக்கிறானா, கேளுங்கன்னா."

"ஆமாப்பா. வகிடு கோணிப் போச்சு. ஒரு மாசம் எல்லாரும் கிண்டல் பண்ணாங்க."

"மழை நாள்ல லிஃப்ட் மேல ஏறாம இருக்கானான்னா."

"ஏறுவேனே. கட்டடத்துக்குள்ள ஏதுப்பா மழை?"

"அதையேதான் நானும் சொன்னேன். அவ நம்பல."

இருவரும் சிரித்தார்கள். இன்னும் ஒன்று இருக்கிறது என்பது அப்பாவின் முகத்தில் தெரிந்தது. மகன் அவசரப்படுத்தவில்லை. அம்மாவின் பேச்சு தீர்ந்துபோய்விடுமோ என்ற பயம் அவனுக்கு.

"அவ படுத்த படுக்கையா இருந்தப்போ..." என்று தொடங்கினார். இவ்வளவு தணிந்து அவர் பேசி மகன் கேட்டதில்லை. "கடைசி ஞாயித்துக்கிழமை. 'அவனுக்கு எங்கூடப் பேசணும்னு எப்பவாவது தோணுதான்னு கேளுங்க'ன்னா. இதையெல்லாம் போய்க் கேப்பாங்களான்னு நான் விட்டுட்டேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மகன் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"தினமும் தோணும்பா" என்றான்.

அப்பா தலையசைத்தார். பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவர்போல எழுந்து நின்றார். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சமையலறை வாசலைப் பார்த்தார், உள்ளறையைப் பார்த்தார். பிறகு மகன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.