வேறு ஓட்டுநர் எவரும் இல்லை

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மழலையர் பள்ளியில் வேன் ஓட்டினாள். பதினெட்டுப் பிள்ளைகள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுதால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கூச்சலிலும் ஒரு குலுக்கல் இல்லாமல் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவாள். பிள்ளைகள் வைத்த பேர் ஸ்டியரிங் அக்கா. அந்தப் பேரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

கட்டிக்கொண்டவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எங்காவது ஆள் மாட்டிக்கொண்டால் உடனே ஓட வேண்டும் என்பதால் கம்பெனி வேன் அவர் வீட்டு வாசலிலேயே நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு இன்சூரன்ஸ் படிவம் வரும். வண்டி எங்கே நிற்கிறது, பூட்டிய கேட் உண்டா, வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர் வேறு யார் என்று துருவித் துருவிக் கேட்கும். இன்னொருவர் இருந்தால் பிரீமியம் ஏறுமாம். ஏறினால் வண்டியை ஆபீஸிலேயே விடச் சொல்வார்களாம். சூப்பர்வைசர் பேச்சைக் கேட்டு, முதல் வருஷமே அந்தக் கட்டத்தில் 'எவரும் இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு இரண்டு நாள் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தில் எழுதினால் கைக்கு மறந்தா போகும் என்று அவள்தான் சிரித்துச் சமாளித்தாள்.

ஆனால் பொய்யோடு குடித்தனம் நடத்த அவருக்குத் தெம்பு இல்லை. அவளுடைய லைசென்ஸ் காலாவதியான வருஷம், புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்று மென்று விழுங்கிக் கேட்டார். மகள் அப்போது கைக்குழந்தை, பள்ளி வேலையையும் விட்டாயிற்று. அவள் புதுப்பிக்கவில்லை. அதற்கப்புறம் பதினாறு வருஷம் அந்த வேனைத் துடைத்தாள், கண்ணாடி கழுவினாள், ஓட்டுநர் இருக்கையில் மட்டும் உட்காரவில்லை. இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆசை இருந்தது, அடக்கிக்கொண்டாள், வலித்தது. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு காலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது. அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். மகளும் அவளுமாக அவரை முன் இருக்கையில் ஏற்றினார்கள். முதல் சிக்னல் வரைக்கும் கியர் தடுமாறியது, அப்புறம் இல்லை. ஒன்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. அங்கே வாசல் தூணில்தான் வேனின் பின்பக்கம் உரசி நசுங்கிவிட்டது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர்.

மூன்று வாரம் கழித்து, நசுங்கிய வண்டியைப் பார்க்க இன்சூரன்ஸ் அதிகாரி வீட்டுக்கே வந்தார். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று தெரிந்தால் நஷ்டஈடும் கிடைக்காது, வேலையும் இருக்காது என்று சூப்பர்வைசர் முன்கூட்டியே காதில் போட்டிருந்தார். யார் ஓட்டியது என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நெஞ்சு வலியோடயா?"

"போகப் போகத்தான் கூடுச்சு."

தண்ணீர் கொண்டுவந்த அவளிடம் அதிகாரி திரும்பினார். "உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா?"

கணவரின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அவள் பார்த்தாள். அந்த உயிரை அவள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இப்போது அந்தப் பெருமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டு, சாட்சிக் கையெழுத்து கேட்டார். போட்டாள். கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி அவர் வியந்து சொன்னார். "அந்த வலியிலயும் இவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போயிருக்காரே. பெரிய கெட்டிக்காரர்தான்மா உங்க வீட்டுக்காரர்."

"ஆமாங்க" என்றாள் அவள். "நல்லா ஓட்டுவாரு."

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று அதட்டி, மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு மேஜை மேல் கிடந்த வேன் சாவியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள்.