"வராட்டி?" என்று கேட்ட மகள்

எனக்கு வயசு எழுபத்தொன்பது. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்போடு என் படிப்பு முடிஞ்சது. எழுத்துப் பிழை இருந்தா என்னைத் திட்டுங்க, என் பிள்ளைகளைத் திட்டாதீங்க.

நான் சொல்ல வந்தது எண்பதுகளில், நாங்க மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேருவில் குடியிருந்தப்ப நடந்தது. மூணாவதாப் பிறந்த என் மகளுக்கு அப்போ பதினாலு வயசு. இன்னைக்கு ஆட்டிசம்னு பேர் சொல்றாங்க. அப்போ எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு எல்லாமே சொன்னபடி நடக்கணும். ஆறு மணிக்கு அப்பா வருவார்னா ஆறு மணிக்கு லோரிச் சத்தம் கேட்கணும். அஞ்சு நிமிசம் தாண்டினா, "வராட்டி?" என்று ஆரம்பிப்பாள். விடாமல் கேட்பாள். கடைசியில் தன் கையையே கடிச்சுக்குவாள்.

அந்த வார்த்தை எனக்கு ஆகாது. லோரி ஓட்டுற மனுசன் ரோட்டில் இருக்கும்போது அப்படிச் சொல்லலாமா? நாம வீட்டை விட்டுக் கிளம்பினாகூட "போறேன்"னு சொல்ல மாட்டோம், "போயிட்டு வரேன்"னுதானே சொல்வோம்! "வாயைக் கழுவுடி, வருவார்"னு அதட்டுவேன். வாயிலேயே தட்டியும் இருக்கேன். அவள் இன்னும் அழுத்திக் கடிப்பாள்.

ஒரு தடவை சரக்கு இறக்கும்போது விழுந்து என் வீட்டுக்காரருக்குக் கால் முறிஞ்சு போச்சு. மூணு வாரம் கிள்ளானில் ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவோம்னு சொன்னாங்க. நானும் மகள் தலையில் கை வெச்சு, "வெள்ளிக்கிழமை அப்பா வருவார்"னு சத்தியம் பண்ணிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னேன். அரை மணி நேரமாகியும் பஸ் வரலை. "வராட்டி? வராட்டி?" கையில் ரத்தம் வந்துடுச்சு. எல்லாரும் பார்க்கிறாங்க. பக்கத்தில் நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, விக்கிற மலாய்க்கார அம்மா ஒருத்தர், மக்சிக்னு கூப்பிடுவோம், "என்ன கேக்குது உன் மக?"ன்னாங்க. வெட்கத்தோடு மலாய்ல சொன்னேன். வேற பாஷைங்கறதால நாக்கு அவ்வளவா கூசலை.

"கேக்குதுல்ல, பதில் சொல்லேன். இது வரலைன்னா அடுத்த பஸ்."

"பதில் சொன்னா இன்னும் கேப்பா லா, மக்சிக்."

"கேக்கட்டுமே. நான் எங்க போகப்போறேன்?"

மகளுக்கு மலாய் அவ்வளவாப் புரியாது. நான்தான் தமிழில் சொல்லியாகணும். "இந்த பஸ் வராட்டி, அடுத்த பஸ்." கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அதுவும் வராட்டி?"

"டாக்சி." மக்சிக் பொட்டலம் மடிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"டாக்சி வராட்டி?"

"நடங்க. கால் இருக்குல்ல?"

"கால் வலிச்சா?"

"திரும்பி வந்து எங்கிட்ட உக்காரு, சோறு தரேன். ஆனா சம்பல் காரம், அழக்கூடாது."

நான் ஒவ்வொண்ணா தமிழில் சொல்லச் சொல்ல என் மகள் சிரிச்சாள். மூணு வாரமா சிரிக்காத பிள்ளை.

பஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனா, அவருக்குக் காய்ச்சல். புண்ணு ஆறலை, எப்போ அனுப்புவோம்னு இப்போ சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். நான் பண்ணின சத்தியம் அவ்வளவுதான்.

கட்டில் ஓரத்தில் நின்னுகிட்டு அவள் கேட்டாள்: "அப்பா வராட்டி?"

பழக்கத்தில் என் கை அவள் வாய்க்குப் போச்சு. பாதியிலேயே நிறுத்திட்டேன்.

"இன்னைக்கு அப்பா வராட்டி, நாளைக்கு நாம வந்து பார்ப்போம்."

"நாளைக்கும் வராட்டி?"

"ஞாயித்துக்கிழமை வருவோம்."

"வரவே வராட்டி?"

சாமிகிட்டகூட நான் சொல்லாத வார்த்தை. இப்போ சொன்னேன்: "அப்பா வரவே வராட்டி, நான் இருப்பேன்."

"நீ இல்லாட்டி?"

"அக்கா. அக்கா இல்லாட்டி அண்ணன். அப்புறம் தம்பி. அப்புறம் தங்கச்சி."

அந்தக் கடிபட்ட கையில் ஒவ்வொரு விரலா மடக்கினாள். அஞ்சும் மடங்கினதும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "சரி" என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த மனுசன், "ஏன்டி, நான் உயிரோட இருக்கும்போதே வரிசை போட்டுட்டியா?"ன்னு சிரிச்சார். கண்ணில் தண்ணி.

ஒன்பது நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தார். பல வருசம் லோரி ஓட்டினார். பிறகு ஒரு நாள் நிஜமாகவே வராமப் போனார். இவளை எப்படிச் சமாளிக்கப் போறோம்னு வீட்டில் எல்லாரும் பயந்தாங்க. அவள் நேரே என்கிட்ட வந்தாள். ஒரு விரலை மடக்கினாள். "அப்பா வரல. நீ இருக்கே" என்று சொல்லி என் மடியில் தலையை வெச்சுக்கிட்டாள்.

இப்பவும் தினமும் கேட்கிறாள். தினமும் சொல்றேன். போன மாசம் அந்த வரிசையில் என் பேத்தியையும் சேர்த்தேன், பேத்தி சம்மதம் கேட்டுத்தான். கெட்டதை வாயால் சொன்னா நடந்துடும்னு பயந்து, என் பிள்ளையை அந்தப் பயத்தோட எத்தனை நாள் தனியா விட்டிருக்கேன்னு நினைச்சா இன்னும் நெஞ்சு வலிக்குது. வா கண்ணு, எழுதினது சரியான்னு முதல்லேருந்து படிச்சுக் காட்டு. சத்தமாப் படி. உன் சித்தி பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா, உன் முறை வர்ற இடம் அவளுக்கு நல்லாக் கேட்கணும்.