முயல்களுக்கு ஒரே பந்தி

எண்பதுகளில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முயல்களுக்குக் கண்மருந்து போடுவது என் வேலை. அந்தக் கட்டடத்தில் என்னைவிடக் கச்சிதமாகச் சொட்டு விடுகிறவன் எவனும் கிடையாது.

கண் டாக்டரம்மா ஒவ்வொரு முயலுக்கும் ஒரு கண்ணில் வேறு முயலின் கருவிழியைப் பொருத்தியிருந்தார். அந்நியக் கருவிழியை உடம்பு ஏற்காது. சில வாரங்களில் வெளுத்துவிடும். அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்தை விளக்கெண்ணெயில் கரைத்துப் பாதி முயல்களுக்குச் சொட்டினோம். மீதிக்கு வெறும் எண்ணெய். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான், மாற்றிய கண்ணும் மங்கிப்போய்க் கிளினிக்கில் காத்திருந்தவர்களுக்கு ஏதாவது வழி பிறக்கும்.

மருந்தைக் கலந்தவன் நான். கண்ணைப் பாரபட்சமில்லாமல் சோதிக்க வேண்டுமே, அதனால் எது மருந்து என்று டாக்டரம்மாவுக்கே தெரியக்கூடாது. நானோ, கூண்டு கழுவும் அக்காவிடம் பெருமையாக உளறி வைத்தேன்.

"சிவப்பு மூடிதான் அசல் மருந்துக்கா. பச்சை சும்மா எண்ணெய் லா."

கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்க நான் நாலு மணிக்கே ஓடிவிடுவேன். சாயங்காலச் சொட்டு அக்கா பொறுப்பு.

மூன்றாவது வாரம் பார்த்தால் எல்லாக் கண்களும் பளிச்சென்று இருந்தன. டாக்டரம்மா முகம் விழுந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னா என் மருந்து எதுக்கு? ஆராய்ச்சியை மூடிட வேண்டியதுதான்."

சிவப்பு மூடிச் சீசா சீக்கிரம் தீர்ந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். மண்டைக்கனம்! நேரே அக்காவிடம் போனேன்.

"எல்லாத்துக்கும் சிவப்பையே போட்டீங்களா?"

"பின்னே? பிரிக்பீல்ட்ஸ் கோயில்ல வெள்ளிக்கிழமை நான்தான் பரிமாறுறேன். இந்த இலைக்குப் பாயசம், அந்த இலைக்குத் தண்ணியா? பந்தி வஞ்சனை என்னால ஆகாது தம்பி."

அடப்பாவமே! கோபம் அவர்மேல் வரவில்லை, என் வாய்மேல்தான் வந்தது. டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். புது முயல்களோடு முதலிலிருந்து தொடங்கினோம். பஸ் போனால் போகட்டும் என்று இரண்டு வேளையும் நானே போட்டேன்.

இம்முறை எண்ணெய் முயல்களின் கண் வெளுத்தது. மருந்து முயல்களின் கண் தெளிவாக நின்றது. டாக்டரம்மா குழந்தை மாதிரி கைதட்டினார். நானும் மார்தட்டிக்கொண்டேன், இன்றைக்கும் தட்டுவேன்.

அக்கா காங்கோங் கீரையோடு வந்தார். "ஆராய்ச்சிதான் முடிஞ்சிருச்சே தம்பி. இனிமேலாவது இந்த எண்ணெய் முயலுங்களுக்கு மருந்து உண்டா?"

"இனி போட்டாலும் தேறாதுக்கா."

அவர் ஒரு கூண்டில் கீரையை வைத்தார். வெளுத்த கண் பக்கம் கிடந்ததை முயல் திரும்பியே பார்க்கவில்லை. அக்கா அதை எடுத்து மறுபக்கம் வைத்தார்.