அக்காவுக்கு நான் மறுத்த மீன்

அக்கா போய் ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேர் அவரிடம் மீன் வாங்கியவர்கள். மீதிப்பேர் ஏச்சு வாங்கியவர்கள். இரண்டையும் வாங்கியவள் தங்கையான நான். அதனால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒழுங்காக எழுத வரவில்லை. எங்கே தொடங்கினாலும் ஓர் ஏழு மாதத்தில் போய் முட்டிக்கொள்கிறேன். அந்த ஏழு மாதமும் நான் அவரைக் காப்பாற்றினேனா, பட்டினி போட்டேனா? இன்னும் தெரியவில்லை.

இனயம் கடற்கரையில் பிறந்தார். அப்பா கடலோடு போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது, தம்பிக்கு ஐந்து. சில வருடத்தில் அம்மையும் போனார். அம்மை மீன் சுமந்த ஓலைக் கடவம் அக்காவின் தலைக்கு ஏறியது. கருங்கல் சந்தை, அதைச் சுற்றிய மேட்டு ஊர்கள், நடை, பிறகும் நடை. அந்த நடையில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். தம்பி வளைகுடாவுக்கு விமானம் ஏறினான். யாராவது கல்யாணப் பேச்செடுத்தால், "மாப்பிள மொதல்ல இந்தக் கடவத்த கருங்கல் வரைக்கும் சுமக்கட்டும், பொறவு பாக்கலாம்" என்பார். யாரும் சுமக்க வரவில்லை.

அவர் தராசு வைத்துக்கொண்டதில்லை. மீனைக் கையில் ஏந்தி எடை சொல்வார், தப்பாது. சுனாமி கழிந்து ஐந்தாறு வருடத்தில் அந்தக் கை தப்பத் தொடங்கியது. ஒரு கிலோ சூரை மீனை ஒன்றரை என்றார்.

"என்ன அக்கா, செத்த மீனும் வளருமோ?" என்று சந்தையில் ஒருவர் கேலி செய்தார்.

"கனக்குடே. நான் என்ன செய்ய?"

அவருக்கு உண்மையாகவே கனத்தது. கையில் சதை கரைந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கல்லீரல் சுருங்கிவிட்டது, எப்போதோ தொற்றிய காமாலைக் கிருமி என்றார்கள் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில். ஒரு சொட்டு குடிக்காதவர். நலம் விசாரிக்க வந்த சிலர் என்னைத் தனியே அழைத்து, "குடிப்பாளோ?" என்று கேட்டார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

உப்பு ஆகாது, கருவாட்டைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். காமாலை என்றால் எங்கள் கரையில் மீன், முட்டை, எண்ணெய் எல்லாமே விலக்கு. உப்புக்காக அவர் சொன்னதை நான் மீனுக்கும் நீட்டிக்கொண்டேன். அதோடு விட்டேனா? மாதா கோயிலில் முழந்தாளிட்டு ஒரு நேர்ச்சையும் நேர்ந்தேன். அக்கா சுகமாகும்வரை எங்கள் அடுப்பில் மீன் ஏறாது. கடல்கரையில் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய ஒறுத்தல் ஏது? அரிசிக் கஞ்சி, கீழாநெல்லி, மறுபடியும் அரிசிக் கஞ்சி. ஏழு மாதம்.

மருந்துக்குப் போகும்போதெல்லாம் வடசேரி பஸ் நிலையத்தில், காசு போட்டால் அட்டை துப்பும் எடை எந்திரத்தில் ஏறுவார். ஐம்பத்து நாலு. அடுத்த மாதமும் ஐம்பத்து நாலு. "கொறையல்ல கேட்டியா. உன் கஞ்சி கொள்ளாம்" என்று மெச்சுவார். நான் மாதாவுக்கு நன்றி சொல்வேன். வயிற்றில் கட்டிய நீரையும் சேர்த்துத்தான் அந்த எந்திரம் நிறுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி வைத்து நீரை வடித்த அன்று நாற்பத்தாறு. போர்வையை விலக்கிப் பார்த்தேன். தொடை என் முன்கை அளவே இருந்தது.

சாப்பாட்டு முறை சொல்லித் தரும் பெண் வந்தாள்.

"மீன் சாப்பிடுறாங்களா?"

"இல்லை" என்றேன், பெருமையாக.

"முட்டை?"

"தொடவே விடவில்லை."

பேனாவை மூடினாள். கெட்ட கல்லீரலால் உணவைச் சேர்த்துவைக்க முடியாது, வயிறு வெகுநேரம் காலியாகக் கிடந்தால் உடம்பு தன் சதையையே எடுத்து எரிக்கும் என்றாள். மீன், முட்டை, பருப்பு, தயிர் வேண்டும். படுக்குமுன்பும் ஏதாவது கொடுக்க வேண்டும். போதாததற்கு டாக்டர் புரதப் பொடி எழுதித் தருவார். நான் நேர்ச்சையைச் சொன்னேன். அவள் விழித்தாள். கட்டிலிலிருந்து அக்கா கேட்டார்:

"ஏட்டி, மாதா உங்கிட்ட வந்து மீன் வேண்டாம்னாளா?"

"நான்தான் நேர்ந்தேன்."

"அப்ப நீ திங்காத. என் வாய எதுக்கு நேர்ந்த?"

'நோயாளிக்கு ஒறுத்தல் கிடையாது' என்று சொல்லிப் பங்குத்தந்தை நேர்ச்சையிலிருந்து விடுவித்தார். அக்கா மீன் சாப்பிட்டார், பொடி குடித்தார். தம்பியும் ஒரு டப்பா அனுப்பினான், மேலே புடைத்த புயத்தோடு ஓர் ஆள். "இவன் ஒத்தைக்கே வள்ளம் தள்ளுவான் போல" என்று சிரித்தார். டாக்டர் அதை மட்டும் திறக்க வேண்டாமென்றார்.

ஒருநாள் காலையில், "அம்மை சந்தையிலேருந்து வந்தாச்சா?" என்று என்னிடம் கேட்டார். அம்மை போய் முப்பது வருடம். எதனால் வந்தது இது? பொடியா? மீனா? உடைந்த நேர்ச்சையா? எல்லாவற்றையும் நிறுத்தினேன். தம்பி போனில் "பொடியைக் கூட்டு" என்றான். அடுத்த வீட்டில் "கஞ்சியே போதும்" என்றார்கள். மலம் கட்டி, கெட்ட கல்லீரல் கழிக்காத நச்சு தலைக்கேறியதால் வந்த தடுமாற்றம் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் அக்கா தெளிந்தார். "சாப்பாட்டை ஏன் நிறுத்தினீங்க?" என்று டாக்டர் கேட்டார். மறுபடி கொடுக்கத் தொடங்கினேன், பயந்தபடியே. தெளியாதவள் நான்தான்.

அக்காவின் அடக்கம் முடிந்து டாக்டரிடம் போய்க் கேட்டேன்: அந்த ஏழு மாதம்தானா டாக்டர்? "நோய் முற்றியிருந்தது. அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. அதுக்குப் பங்கே இல்லைனும் சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அவருக்கு நன்றி. பேனாவை மூடினாலும் என்னை ஏசாத அந்தப் பெண்ணுக்கும், நீர் வடித்த நாட்களில் முகம் சுளிக்காத செவிலியருக்கும், பங்குத்தந்தைக்கும், கரையேறியதும் நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்துவிட்ட வள்ளக்காரர்களுக்கும் குடும்பத்தின் நன்றி. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருந்தால், தட்டிலிருந்து எதை எடுக்குமுன்னும் டாக்டரிடம் கேளுங்கள். நேர்ச்சையை உங்கள் சொந்த வயிற்றுக்கு நேருங்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மதியம், உப்புக் குறைத்து வைத்த குழம்பில் வேளாமீனை முள்ளெடுத்து ஊட்டினேன். மூன்று வாய் வாங்கினார். பழைய பயம் வந்து என் கையைப் பிடித்தது. "போதுமா அக்கா?" என்றேன்.

"போதும்னு நீ சொல்லாத மக்கா" என்றார். "இனியும் உண்டா?"

"உண்டு அக்கா."