அடிவயிற்றுச் சொல்

குமுதா அந்த மேடையில் நின்று எத்தனையோ பேராக இருந்திருக்கிறாள். 'நான் பெருங்குடிகாரனாக இருந்தேன்' என்று சொல்லியிருக்கிறாள். 'என் மனைவியை நான் அடிக்காத நாளில்லை' என்று அழுதிருக்கிறாள். எல்லாம் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு. முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள். மேடையில் மொழிபெயர்க்கிறவருக்கு ஒரே சட்டம்தான்: பிரசங்கியார் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். கூட்டாதே, குறைக்காதே, திருத்தாதே. அவர் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையும் அப்படியே தமிழில் சொல்.

அவள் பிறந்தது பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து, போனில் திட்டு வாங்கி வாங்கியே ஆங்கிலம் படித்தாள். கணவர் முகுந்தன் லோரி ஓட்டியவர். மகன் தனேஷ் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டார். துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டுக்காரர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனாள், அப்படியே தங்கிவிட்டாள். கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சபை அது. வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் மட்டும்தான் வசதி. வெளிநாட்டுப் பிரசங்கியார் யார் வந்தாலும் கூப்பிடு குமுதாவை.

இந்தமுறை கூப்பிட்டபோது பாஸ்டர் வேலாயுதத்தின் குரலில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. பாஸ்டருக்கு இந்தப் பெயரா என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள், அவர் கவலைப்படமாட்டார்.

"சிஸ்டர், பெர்த்லேர்ந்து ஒருத்தர் வராரு. ரொம்பப் படிச்சவரு. ஒரு மணி நேரமும் ஒரே கிரேக்கச் சொல்தானாம். உங்களால முடியுமா? முடியலன்னா பரவால்ல லா, நான் வேற ஆள் பாக்குறேன்."

"வேற யாரு இருக்கா பாஸ்டர்? நானே வரேன்."

அவர் ஏன் தயங்கினார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். தனேஷ் பக்கத்து ஊரான மேருவில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய், பேங்காக்கில் கஸ்டமர் சர்வீஸ் வேலை என்று ஒரு விளம்பரம் பார்த்துக் கிளம்பினான். குமுதாதான் வழியனுப்பப் போனாள். பிரிக்பீல்ட்ஸில் இரண்டு பேரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். வடை பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் விமான நிலைய ரயில் ஏறுமுன் அவனை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள். "போய்ட்டு வாடா, மொத சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு சேலை" என்று சிரித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வேலை கிடைத்த பிள்ளையை யாராவது அழுது அனுப்புவார்களா?

இறங்கியவனை வேனில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய்விட்டார்கள். உயரமான மதில், உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர், முகம் தெரியாத ஆட்களிடம் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றும் வேலை. அங்கே மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததே, அதே கதைதான். முதலில் சில தடவை போன் வந்தது. "நல்லா இருக்கேம்மா, சாப்டேம்மா" என்றான். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. பிறகு அந்த எண் செத்துவிட்டது. போலீஸில் புகார் கொடுத்தாள். அரசாங்க ஆபீஸெல்லாம் இருக்கிற புத்ராஜெயாவுக்குப் போய்க் கவுண்டர் கவுண்டராக நின்றாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், தகவல் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அதற்கு மேல் ஒரு தாய் எந்தக் கதவைத் தட்டுவது? சபையில் முதலில் வாராவாரம் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

வேலை என்று ஒன்று வந்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்றுதான் ஒத்துக்கொண்டாள். ஆபீஸ் முடிந்து வந்து, பிரசங்கியார் அனுப்பிய சொல்லைத் தேடித் தேடிப் படித்தாள். ஸ்ப்ளாங்க்னிஸோமாய். வாயில் நுழைவதற்கே பல் சுளுக்கும். ஸ்ப்ளாங்க்னா என்றால் உள்ளுறுப்புகள்: ஈரல், குடல், இருதயம் எல்லாம் சேர்ந்தது. பலி கொடுத்த ஆட்டின் வயிற்றிலிருந்து எடுப்பதற்கும் அதே பெயர்தான். அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லைத்தான் சுவிசேஷங்களில் இயேசுவுக்குப் போட்டிருக்கிறார்கள், அவர் சொன்ன கதைகளில் வருகிறவர்களுக்கும் போட்டிருக்கிறார்கள். நம் வேதாகமம் அதை 'மனதுருகி' என்று அழகாகத் துடைத்து வைத்திருக்கிறது.

அவள் ஒவ்வோர் இடமாகப் புரட்டிப் பார்த்தாள். பசித்த கூட்டத்தைப் பார்த்து உள்ளே அப்படி ஆனது, உடனே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். குருடர்களைப் பார்த்து ஆனது, கண்களைத் தொட்டார். ஓடிப்போன மகன் தூரத்தில் வருவதைப் பார்த்து அப்பனுக்கு ஆனது, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். ஒரே மகனைப் பாடையில் தூக்கிக்கொண்டு போகும் விதவையைப் பார்த்து ஆனது, பாடையைத் தொட்டார், பையன் எழுந்து உட்கார்ந்தான். அந்த இடத்தில் குமுதா புத்தகத்தை மூடிவிட்டாள். அந்தச் சொல் வருகிற இடத்திலெல்லாம் வயிறு கலங்கின கையோடு ஏதாவது செய்துவிடுகிறார்கள். யாரும் சும்மா நிற்கவில்லை. எனக்கு மட்டும் கலங்குகிறது, கலங்கிக்கொண்டே இருக்கிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பெர்த் பிரசங்கியார் நெட்டையாக, தலை நரைத்து, கண்ணில் இரக்கமுள்ள மனிதராக இருந்தார். சபையையே எழுப்பி அந்தச் சொல்லைச் சொல்லவைத்தார். பெரியவர் நாகையா 'ஸ்பிளாங்கு' வரைக்கும் வந்து நின்றுகொண்டார், கூட்டம் சிரித்தது. "இது மனசு உருகுகிறதில்லை, அதற்கும் கீழே" என்றார் பிரசங்கியார், வயிற்றில் கை வைத்து. குமுதா கொஞ்சமும் யோசிக்காமல், "பெத்தவளுக்கு அடிவயிறு கலங்குமே, அது" என்றாள். முன்வரிசையில் இராஜம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்புறம்தான் பிரசங்கியார் சொன்னார்: "இந்த ஊரிலேயே ஒரு தாய் இருக்கிறாள்."

விமான நிலையத்திலிருந்து வரும்போது காரில் பாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஜெபத்துக்காகச் சொன்னது. பெயரைச் சொல்லவில்லை, அவள் மானம் காக்கிறாராம். நல்ல எண்ணம்தான். நாளைக்கு உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிறவளே அவள்தான் என்பதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி மனிதர்! இப்போது பாஸ்டர் முன்வரிசையில் பாதி எழுந்து, எழுந்தபடியே நின்றார். மேலே ஏறி நிறுத்தினால் எல்லாம் வெட்டவெளிச்சமாகும், நிறுத்தாவிட்டாலும் கொடுமை. முகம் வெளுத்துத் திரும்ப உட்கார்ந்தார்.

குமுதாவின் வாய் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தது. அவளுடைய ஒரே மகன், என்றாள். வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், என்றாள். கேட்ட கதைக்குப் பிரசங்கியார் கண் காது மூக்கு வைத்திருந்தார். மகன் கிளம்பும்போது அந்தத் தாய் என்ன செய்தாள் தெரியுமா, போகாதே என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்றார்.

குமுதா மைக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள். வடை பொட்டலம் கண்ணுக்கு முன் வந்தது. அவர் திரும்பி, சொல் என்பதுபோல் தலையசைத்தார்.

"போகாதே என்று... காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்" என்றாள்.

சபையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. பிரசங்கியார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். வார்த்தை தைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். குரலைத் தாழ்த்தி, அந்தத் தாய் இப்போது இங்கே இருந்தால் கையை மட்டும் உயர்த்தட்டும், அவளுக்காக ஜெபிக்க விரும்புகிறேன் என்றார்.

"அந்தத் தாய் இங்கே இருந்தால், கையை உயர்த்துங்கள்" என்றாள் குமுதா.

ஒரு கையில் மைக், ஒரு கையில் வேதாகமம். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. பிரசங்கியார் கூட்டத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தார். வெட்கப்படாதே அம்மா என்றார். "வெட்கப்படாதே அம்மா" என்றாள். உயர்த்த வேண்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. உயர்த்தினால் இந்த நல்ல மனிதர் அந்த இடத்திலேயே உடைந்துபோவார், அதற்குப் பிறகு யார் எந்த மொழியில் எதைப் பேசுவது?

அவர் மெல்லப் பெருமூச்சு விட்டார். அவள் இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது என்றார்.

"அவங்க இன்னைக்கு வரல போல" என்றாள் குமுதா.

பரவாயில்லை, ஜெபிப்போம் என்று சொல்லிக் கண்ணை மூடினார். சபை கண்ணை மூடியது. அவளும் மூடினாள். அவர் முதல் வரியைச் சொல்லிவிட்டுத் தமிழுக்காகக் காத்திருந்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஆண்டவரே, அந்தத் தாய் யாரென்று எனக்குத் தெரியாது."